உப்பு கூடியிருக்கு

அக்கா போயி எட்டாம் நாளு, வெளக்கு வைக்கிற நேரம். கொல்லக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கொரலு கேட்டுச்சு.

"கொஞ்சம் உப்பு குடேன் புள்ள."

நான் வெளக்க ஏத்திட்டு மறுநாளைக்குத் திரி திரிச்சுக்கிட்டு இருந்தேன், கையெல்லாம் எண்ணெ. யாருன்னு கேக்கத் தோணல. வெளக்கு வச்சப்புறம் எங்க பக்கம் உப்பு குடுக்க மாட்டோம். குடுத்தா வீட்டுல இருக்கறதும் அதுகூடவே போயிரும்பாங்க. அந்தப் பழக்கத்துல, "வெளக்கு வச்சாச்சு, காலையில வாங்க"ன்னு வாய் தானா சொல்லிருச்சு. சொன்னப்புறம்தான் எனக்கு ஒறச்சுச்சு. என்னப் புள்ளன்னு கூப்புடுற ஆளு இந்தத் தெருவுலயே ஒருத்திதான். அவள எட்டு நாளைக்கு முன்னாடி அடக்கம் பண்ணியாச்சு.

கதவத் தொறந்தேன். வாழ மரம் ரெண்டு, துணி காயுற கம்பி, நாங்க சோறு வைக்கிற பூன. பூன என்னப் பாக்கல. கதவுக்குப் பக்கத்துல, ஒரு ஆளு நின்னா மொகம் எங்க இருக்குமோ அங்க பாத்துக்கிட்டு இருந்துச்சு.

பக்கத்து வீட்டு டீச்சரம்மாகிட்ட போயி, "இப்ப நீங்களா உப்பு கேட்டீங்க?"ன்னு கேட்டேன்.

"நான் ஜெபத்துல இருந்தேன்மா. ஏன், மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? சாப்புட்டியா?"

சாப்புட்டேன்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன்.

நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன். தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. இத எழுதுறது ஒரே காரணத்துக்குத்தான். அக்காவ நாந்தான் கொன்னேனான்னு எனக்குத் தெரியணும். ஆஸ்பத்திரியில இல்லன்னாங்க. இல்லன்னு அவங்க சொன்ன விதத்துல எனக்கு ஆமான்னுதான் கேட்டுச்சு.

அக்கா கூடப் பொறந்தவ இல்ல. நாங்க ரெண்டு பேரும் திருநங்க. அவ குத்தாலம் பக்கம் ஒரு கிராமம், நான் தஞ்சாவூர்தான். எனக்கு மூணு வயசு மூத்தவ. வீட்ட விட்டு வந்து ரெண்டு பேரும் புது ஆத்துக் கரையில ஒரு ஓட்டு வீடு புடிச்சு இருந்தோம். பாலத்துக்குப் பக்கத்துல காலையில தள்ளுவண்டி. இட்லி, பொங்கல், சாம்பாரு. அக்கா சமையலு, நான் பரிமாறுறது. அவ சாம்பாருக்குன்னே பஸ்ஸ விட்டுட்டு நிக்கிற ஆளு உண்டு. உப்பு பாக்க அவ நாக்குல வைக்கவே மாட்டா. ஆவிய மோந்து பாத்தே சொல்லுவா, இன்னும் ஒரு கல்லுன்னு.

ரெண்டு பேரும் மாத்திர போட்டோம். பொம்பள ஒடம்பாவுறதுக்குப் போடுற மாத்திர. பேரெல்லாம் எங்க வாயில நுழையாது. அக்காதான் பேரு வச்சா. ஆம்பளத்தனத்த அமுக்கி வைக்கிறதுக்குப் பேரு அடக்குறது. மாரு, இடுப்பு வளர வைக்கிறதுக்குப் பேரு வளக்குறது. "ஏ புள்ள, அடக்குறதப் போட்டியா?"ன்னு காலையில மொத வார்த்த அதான். எங்களுக்கு முன்னாடி போட்டவ ஒருத்தி சொன்னா, நாங்க மெடிக்கல்ல கேட்டு வாங்குனோம். டாக்டரு சீட்டு கெடையாது. பெரியாஸ்பத்திரியில எங்களுக்குன்னே ஒரு நாளு வச்சுப் பாக்குறாங்க, அங்க வாங்கன்னு பல பேரு சொன்னாங்க. அக்கா வரமாட்டேன்னுட்டா. ஆதார்ல இருக்குற பழைய பேர நாலு பேரு முன்னாடி கூப்புட்டுருவாங்கன்னு அவளுக்கு பயம். நானும் கட்டாயப்படுத்தல.

மாத்திர மட்டும் இல்ல. போனுல எவளாவது வீடியோ போட்டா அக்கா அத வாங்கிருவா. முடிக்கு ஒரு மாத்திர. தோலுக்கு ஒண்ணு. நாட்டு மருந்துக் கடையில தண்ணிவிட்டான் கெழங்குப் பொடி. ஆளி வெத. டப்பாவுல புரோட்டீன் மாவு. நின்னு நின்னு கால் கடுக்குதுன்னு தெனம் வலி மாத்திர. எல்லாத்தையும் ஒரு தட்டுல கொட்டி வச்சு, "சோறு வேற தனியா வேணுமாக்கும்?"ன்னு சிரிப்பா. விடியக்காத்தால மாவு எடுத்துக்கிட்டுக் கெளம்பணும், மாத்திர போட்டதுலேர்ந்து அசதி. அதனால எனர்ஜி ட்ரிங்க் டின்னு ஒண்ணு. பத்து மணிக்கு இன்னொண்ணு. நடுவுல டீ நாலு.

பங்குனி முடியுற நேரம் அக்கா என் கையப் புடிச்சு அவ நெஞ்சுல வச்சா. "எண்ணு"ன்னா. வண்டி பக்கத்துல, வெயில்ல, ஆளுங்க தின்னுக்கிட்டு இருக்கறப்ப. எண்ணுனேன். நாலு அடிச்சுச்சு. அஞ்சாவது வரல. படி இருக்குன்னு நெனச்சு கால வச்சு, படி இல்லாமப் போனா எப்படி இருக்கும், அப்படி என் கையி எறங்குச்சு. அப்புறம் ஒரே அடி, பெருசா.

"உள்ள யாரோ மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க புள்ள"ன்னா அக்கா.

டின்னுதான் காரணம்னு நாங்களே முடிவு பண்ணுனோம். டின்ன நிப்பாட்டுனோம். மாத்திர சூடு, ஒடம்பு கொதிக்குது, அதான் படபடப்புன்னு நான் சொன்னேன். ஆமா, நாந்தான் சொன்னேன். சூட்டுக்கு எளநி. கரந்தப் பக்கம் எளநி வண்டிக்காரர் ஒருத்தரு, அவருகிட்ட தெனம் மூணு, வெயிலு ஏற ஏற அஞ்சு. அடக்குற மாத்திர போட்டா அடிக்கடி ஒண்ணுக்குப் போவும், தாகம் எடுக்கும். அவ கேக்காமயே நான் சீவி வாங்கியாந்து நீட்டுவேன். வண்டிக்காரரு கேலி பண்ணுவாரு, "என்னம்மா, வீட்டுல யாருக்கு பிரசவம்?"

அக்காவுக்கு அந்தக் கேலி புடிக்கும். "ஏழு மாசம்னு சொல்லு"ம்பா.

மாத்திர வேல செய்யுதான்னு பாக்க ஒரு லேப்புல ரத்தம் குடுத்தோம். உள்ள எவ்வளவு பொம்பளையாயிருக்கோம்னு காகிதத்துல பாக்கணும்னு அவளுக்கு ஆச. எனக்கு ரத்தம் குடுக்க பயம், அவ மட்டும் குடுத்தா. மறுநாளு லேப்புல இருந்தவரு காகிதத்தப் பாத்துட்டு, "ஹார்மோன் கணக்கு டாக்டர்தான் சொல்லணும். ஆனா உப்பு கூடியிருக்கு. ஒடனே டாக்டரப் பாத்துருங்க"ன்னாரு.

வெளிய வந்து அக்கா சிரிச்ச சிரிப்பு. "நான் பொம்பளையாயிட்டனாடான்னு கேட்டா உப்பு கூடியிருக்குங்கறான். நான் என்ன கொழம்பா?"

நானும் சிரிச்சேன். டாக்டருகிட்ட போவல. உப்பு கூடியிருந்தா கொறைக்கணும், இதுக்கு எதுக்கு டாக்டருன்னு நெனச்சோம். சமையல்காரிக்கு உப்பு கொறைக்கத் தெரியாதா?

அன்னைக்கே வீட்டுச் சமையல்ல உப்ப நிப்பாட்டுனேன். அவளுக்குத் தனியா எதுக்குன்னு நானும் உப்பில்லாமதான் தின்னேன். கொஞ்ச நாள்ல அவளுக்கு உப்பு ருசியே மறந்துபோச்சு. வண்டி சாம்பாருல ஒரு நாளு உப்பே இருக்காது, மறுநாளு அள்ளிப் போட்டுருப்பா. பஸ்ஸ விட்டுட்டு நிக்கிற ஆளு தட்ட வச்சுட்டு, "இன்னைக்கு வேளாங்கண்ணிக் கடல் தண்ணியில வச்சியா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. அக்கா ஆவிய மோந்து மோந்து பாத்தா. "வாசமே சொல்ல மாட்டேங்குது புள்ள"ன்னா.

வீட்டுல பூனைக்கு மீனு பெசஞ்சு சோறு வச்சா. நாங்க தின்ன சோறுதான். பூன மோந்து பாத்துச்சு, அவளப் பாத்துச்சு, பின்பக்கமாவே நடந்து போயி செவுத்துக்கிட்ட ஒக்காந்துக்கிச்சு. மறுநாளும் அப்படித்தான். "பேய்ச்சோறு திங்கிறோம்ல, அதான் பயப்புடுது"ன்னு அக்கா சொன்னா. எங்க பக்கம் பேய்க்குப் படைக்கிறதுல உப்பு போட மாட்டாங்க. பேய்க்கு உப்பு ஆவாது. தின்னா அது போயிரும், திரும்பி வராது. சின்னப் புள்ளையிலேர்ந்து கேட்டு வளந்த பேச்சு. நாங்க அத வச்சு சிரிச்சுக்கிட்டோம்.

சித்திரையில அவ உப்பு கேக்க ஆரம்பிச்சா. வெளையாட்டுக்கு இல்ல, உண்மையா.

"கொஞ்சம் உப்பு குடேன் புள்ள. ஒரே ஒரு கல்லு. நாக்குல வச்சுக்குறேன்."

"உப்பு கூடியிருக்குன்னு சொன்னாங்கல்ல?"

"ஒடம்பு கேக்குதுடி. மண்ண திங்கணும்போல இருக்கு."

நான் உப்பு ஜாடிய எடுத்து அரிசி ட்ரம்முக்குள்ள பொதச்சு வச்சேன். வண்டியில இருக்குற உப்பையும் என் மடியிலதான் வச்சுருப்பேன். ஒரு நாளு சாயந்தரம் வெளக்கு வச்சுட்டுத் திரும்புறேன், அவ ட்ரம்முக்குள்ள தோளு வரைக்கும் கைய விட்டு அரிசியத் துழாவிக்கிட்டு இருக்கா. கண்ணு என் மேல இருக்கு. அவ கண்ணு மாதிரியே இல்ல. நான் கையப் புடுங்கி விட்டேன். திட்டுனேன். "சாவப்போறியா?"ன்னு கேட்டேன். அந்த வார்த்த என் வாயில வந்துச்சு.

இத டீச்சரம்மாகிட்ட சொல்லி அழுதேன். அவங்க வீட்டுக்காரருக்கு பிரஷரு. அவங்க உள்ள போயி ஒரு பாக்கெட்டு எடுத்தாந்தாங்க. சோடியம் கம்மியா இருக்குற உப்பு, கெடுதல் பண்ணாது, இதப் போட்டுக் குடும்மான்னாங்க. எனக்கு சாமியே குடுத்த மாதிரி இருந்துச்சு. கெடுதல் பண்ணாத உப்புன்னு தாராளமாப் போட்டேன். அக்கா ஒரு வாய் வச்சுட்டு நிறுத்துனா.

"இது உப்பில்ல புள்ள. உப்பு செத்தப்புறம் இப்படித்தான் இருக்கும்."

ஆனாலும் தின்னா. நான் பக்கத்துல ஒக்காந்து திங்க வச்சேன்.

வைகாசி கடசியில அவளுக்குக் காலு கனத்துச்சு. சேத்துல நிக்கிற மாதிரி இருக்குன்னா. ஒதட்டச் சுத்தி எறும்பு ஊறுதுன்னு தொடச்சுக்கிட்டே இருப்பா. எறும்பு இருக்காது. நான் எளநிய ஒண்ணு கூட்டுனேன்.

ஆத்துல தண்ணி வந்த அன்னைக்கு காலையில வியாபாரம் பாதியில நின்னுபோச்சு. புது ஆத்துல மொதத் தண்ணி வர்றத பாத்துருக்கீங்களா? அலையா வராது. காஞ்ச மணலு மேல ஒரு அழுக்குத் துணிய யாரோ இழுத்துட்டு வர்ற மாதிரி வரும். நொரையும் செருப்பும் வாழமட்டையும் முன்னாடி வரும். அதுக்கும் முன்னாடி நாயிங்க வரும், திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு. சத்தமே இருக்காது. ஜனம் பூவும் நெல்லும் வச்சுக்கிட்டு பாலத்துல நின்னுச்சு. அக்காவும் போயி கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னா. நான் வண்டியிலேர்ந்து பாத்தேன். தண்ணி பாலத்துக்கு அடியில நுழைஞ்சுச்சு. எல்லாரும் பூவப் போட்டாங்க. அக்கா மட்டும் ஒக்காந்தா. சொமைய எறக்கி வைக்கிற மாதிரி மெதுவா ஒக்காந்தா.

நான் ஓடிப்போயி அவ நெஞ்சுல கைய வச்சேன். எண்ணுனேன். ஒண்ணு. அப்புறம் நான் இன்னும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.

பெரியாஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுருச்சு. ரத்தம் எடுத்துருந்தாங்க. ஒரு டாக்டரம்மா என்ன தனியா ஒக்கார வச்சு, என்ன மாத்திர, என்ன சாப்பாடுன்னு கேட்டாங்க. என்னய அம்மான்னுதான் கூப்புட்டாங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன். நல்லாப் பாத்துக்கிட்டேன்னு தெரியணும்ல. டின்ன நிப்பாட்டுனத சொன்னேன், உப்ப ஒளிச்சத சொன்னேன், எளநி, கெடுதல் பண்ணாத உப்பு, எல்லாம்.

அவங்க எழுதறத நிறுத்திட்டாங்க.

"உப்புன்னு அவரு சொன்னது சாப்பாட்டு உப்பு இல்லம்மா. ரத்தத்துல பொட்டாசியம்னு ஒண்ணு இருக்கு, அதையும் உப்புன்னுதான் சொல்லுவோம். இந்த அடக்குற மாத்திர அத வெளிய போவ விடாது. தெனம் வலி மாத்திர போட்டா கிட்னியும் சோர்ந்துரும். எளநியில அதான் இருக்கு. நீங்க சொல்ற பாக்கெட்டு உப்புலயும் அதான் இருக்கு. அது ஏறினா இருதயம் நின்னுரும்."

"அப்ப நான் ஒளிச்சு வச்ச உப்பு?"

அவங்க பேனாவ மூடி வச்சாங்க. "அந்த மாத்திர சாதா உப்ப ஒண்ணுக்குல வெளிய தள்ளிரும். அதனால சில பேருக்கு உப்பு மேல ஆச வரும். ஒடம்பு கேக்கும். உங்க தப்பு இல்லம்மா, தெரியாமப் பண்ணுனது. மாத்திர மேலயும் தப்பு இல்ல. ரத்தம் பாத்து, கேட்டுப் போட்டா எத்தனையோ பேரு நல்லா இருக்காங்க." அப்புறம் என்னப் பாத்தாங்க. "நீங்களும் அதேதான் போடுறீங்களா? அதே சாப்பாடா?"

ஆமான்னேன். அங்கயே என் கையில ஊசியக் குத்துனாங்க. எனக்கும் ஏறியிருந்துச்சு, கொஞ்சம். நான் எளநி குடிக்கல, எல்லாத்தையும் அவளுக்கே குடுத்துட்டேன். அதனாலதான் நான் இருக்கேன். அடக்குறத இப்போதைக்கு நிறுத்தச் சொல்லிட்டாங்க. நிறுத்துன கொஞ்ச நாள்ல தாடையில முடி குத்த ஆரம்பிச்சுச்சு. மண்ணுக்கு அடியிலேர்ந்து பழைய ஆளு மொளச்சு வர்ற மாதிரி இருக்கு. தடவிப் பாத்துட்டுக் கைய எடுத்துருவேன்.

டீச்சரம்மாகிட்ட பாக்கெட்டப் பத்தி நான் சொல்லல. அவங்க ஜெபத்துல தெனம் அக்கா பேரு வருது.

எட்டாம் நாளைக்கு அப்புறம் கொரலு தெனம் வந்துச்சு. வெளக்கு வைக்கிற நேரம், அதே எடம், அதே வார்த்த. மொத ரெண்டு நாளு காதப் பொத்திக்கிட்டேன். பதினோராம் நாளு தல சீவி, பூ வச்சு, கொல்லக் கதவுக்கிட்ட ஒக்காந்து காத்துக்கிட்டு இருந்தேன். வந்துச்சு. என்னா சந்தோசம் எனக்கு. "இல்லக்கா, வெளக்கு வச்சாச்சு"ன்னேன். ஜாடி அரிசி ட்ரம்முக்குள்ளதான் இன்னும் கெடக்கு. எடுத்துக் குடுத்தா அவ போயிருவா. உசுரோட இருக்கணும்னு ஒரு தடவ ஒளிச்சேன். இப்ப போயிரக்கூடாதுன்னு ஒளிச்சேன். கேக்குறது மட்டும் ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதான் கேட்டா.

பதினாறாம் நாளு காரியத்துக்கு அக்காவோட அம்மா வந்தாங்க. அடக்கத்துக்கு வரல, அண்ணனுங்க விடல. இப்ப சொல்லாமக் கெளம்பி பஸ்ஸேறி வந்துட்டாங்க. நடவு வேலைக்குப் போற அம்மா, நகமெல்லாம் சேறு. பையில பச்சரிசி, கருவாடு, அவங்க வீட்டு மரத்து எளநி ரெண்டு.

"புள்ளைக்கு இதுன்னா உசுரு"ன்னாங்க.

பொண்ணுன்னும் சொல்லல, பையன்னும் சொல்லல. புள்ளன்னாங்க. எங்க ஊருல அது ரெண்டுக்கும் ஆவும்.

அவங்களே சமைச்சாங்க. உப்பு போடல. செத்தவங்களுக்கு உப்பு ஆவாதுன்னு சொல்லிக்கிட்டே கிண்டுனாங்க. சாயந்தரம் கொல்லயில எல போட்டு, சோறு, கருவாட்டுக் கொழம்பு, எளநியச் சீவி பக்கத்துல வச்சாங்க. கும்புட்டு முடிச்சு எளநிய எடுத்து என்கிட்ட நீட்டுனாங்க.

"கூட இருந்தவ நீதான். நீ குடி."

நான் கைய நீட்டல. "அம்மா, இதத்தான் நான் தெனம் வாங்கிக் குடுத்தேன். இதுதான் அவள கொன்னுச்சு. அவ உப்பு கேட்டா, நான் குடுக்கல"ன்னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன்.

அவங்க எளநியக் கையில வச்சுக்கிட்டே நின்னாங்க. அப்புறம் அத வாழ மரத்துக்கு அடியில ஊத்துனாங்க.

"நான் அதுக்கு ஏழு வருசமாத் தண்ணி கூடக் குடுக்கல"ன்னாங்க. "நீ தாகத்துக்குக் குடுத்த."

அது பதிலான்னு எனக்குத் தெரியல. அவங்களுக்குக் கடசி பஸ்ஸு போயிரும். மொகத்தக் கழுவிட்டுக் கெளம்பிட்டாங்க. தெரு முக்குல திரும்புறப்ப ஒரு தடவ கொல்லப் பக்கமாப் பாத்தாங்க. பூன பாத்த அதே எடத்த.

நான் வெளக்கு வச்சேன். வச்சுட்டு, அரிசி ட்ரம்முக்குள்ள தோளு வரைக்கும் கைய விட்டேன். ஜாடி உள்ள சில்லுன்னு இருந்துச்சு. கொரலு இன்னும் வரல. வர்றதுக்குள்ள குடுத்துரணும்னு இருந்துச்சு எனக்கு, கேக்க வச்சுக் குடுக்கக்கூடாது. கல்லு உப்பு ஒரு கை அள்ளி, எலையோரமா, மொதல்ல உப்பு வைக்கிற எடத்துல வச்சேன். மிச்சத்த சோத்துல தூவி, அவ பெசையிற மாதிரி பெசஞ்சேன்.

"இந்தாக்கா. தின்னு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

கதவத் தொறந்து வச்சு ஒக்காந்திருந்தேன். டீச்சரம்மா வீட்டு ஜெபம் ஆரம்பிச்சு முடிஞ்சுச்சு. ஆத்துத் தண்ணி சத்தம் கேட்டுச்சு. வேற ஒண்ணும் கேக்கல. ஒரு தடவ கேட்டுரக்கூடாதான்னு இருந்துச்சு. கேக்கல.

பூனதான் வந்துச்சு. செவுத்துக்கிட்டேர்ந்து மெதுவா வந்து, கதவுக்குப் பக்கத்துல அந்த எடத்த நிமுந்து பாத்துச்சு. அப்புறம் தலையக் குனிஞ்சு எலைய மோந்துச்சு. திங்க ஆரம்பிச்சுருச்சு.